இத்தா வீட்டில் மூன்று வேலைகள்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிமார் படிப்பதற்கு ஏதாவது எழுதித் தரும்படி நம் மேசன்மார் சங்கத்திலிருந்து கேட்டார்கள். முப்பத்தைந்து வருடம் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை வீடு வீடாக இடித்தும் கட்டியும் திரிந்தவன் நான். இப்போது முழங்கால் இரண்டும் சொல்வழி கேட்பதில்லை. ஏணியில் ஏற முடியாதவன் எழுதத்தானே வேண்டும்.

கலவைக்கு எத்தனை தாச்சி மணல், மட்டம் பிடிப்பது எப்படி என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. ஒரு வருடம் வேலையில் நின்றால் அதெல்லாம் கைக்குத் தானாக வரும். வராவிட்டால் நான் எழுதியும் வராது. நான் எழுதப் போவது என்னுடைய ஒரு பிழையை. ஊரில் அதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். "பாஸ், நாலு பேருக்குக் கண்ணக் கட்டி முகட்டத் தாங்க வெச்சீங்களாமே" என்று தேநீர்க்கடையில் என்னிடமே கேட்டவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அன்றைக்கு என் கவனக்குறைவால் ஒரு மனுசி செத்திருப்பார். ஆகவே நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கமாக ஒரு பழைய ஓட்டு வீடு. வீட்டுக்காரர் மீன் வியாபாரி. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் வந்து படுத்தவர் எழும்பவில்லை. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் மிஞ்சினார்கள். மூத்தவள் கல்யாணம் முடித்து அதே வீட்டில் இருந்தாள், புருசன் கட்டாரில். இளையவளுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் என்பது உங்களுக்குத் தெரியும். இளையவளுக்கென்று வாங்கிப் போட்ட வளவில் அத்திவாரம்கூட வெட்டாமல் வாப்பா போய்விட்டார். இருக்கிற ஒரு வீட்டை இரண்டாக்கி, முன்பாதியை மூத்தவளுக்கும் பின்பாதியை இளையவளுக்கும் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதற்கு மூன்று வேலை இருந்தது. முகட்டில் பழைய ஓட்டை இறக்கிப் புதிய ஓடு போட வேண்டும். வீட்டின் குறுக்கே இருந்த மெல்லிய நடுச்சுவரை எடுத்துவிட்டு, இரண்டு குடும்பத்தையும் பிரிக்கிற மாதிரிக் கனமான சுவர் கட்ட வேண்டும். பின்னால் சமைக்கிற இடமான குசினியை இடித்துப் பெருப்பித்து ஒரு குளியலறையும் சேர்க்க வேண்டும். நிக்காஹ் நாள், பிள்ளைகளின் உம்மாவுக்கு இத்தா முடிகிற கிழமைக்கு அடுத்த கிழமையில் வைக்கப்பட்டிருந்தது.

இத்தா என்றால் கணவன் மௌத்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பது. அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருப்பார்கள். வேலை முடியும் வரை மருதமுனையில் தன் காக்காவின், அதாவது அண்ணனின், வீட்டில் வந்து இருக்கும்படி சொந்தக்காரர்கள் அந்த உம்மாவிடம் கெஞ்சியிருக்கிறார்கள். அவர் அசையவில்லை. மூத்த மகள் என்னிடம் வந்து சொன்னதை இன்றும் அப்படியே சொல்வேன்.

"மாமா, உம்மா ஒரே புடியா நிக்கா. அந்த மனிசன் மௌத்தான ஊட்டுலதான் இத்தா இருப்பன், இதுல இருந்து ஒரு நாள் கூட வெளிய போக மாட்டன் எண்டு செல்றா. நீங்க எப்பிடியாவது செஞ்சி தாங்க."

ஆட்கள் பத்துப் பேர் திரிகிற வீடு. முகட்டைத் திறந்து, சுவரை உடைத்து, குசினியை இடிக்கிற வேலை. அதற்குள் ஒரு பெண் யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும். வேறு எந்த மேசனும் தொட்டிருக்க மாட்டான். எனக்கு அப்போது ஐம்பது வயது, பெயர் இருந்தது, பெயருக்குத் தக்க திமிரும் இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

ஒரு முறை கண்டுபிடித்தேன். தெருப் படலைக் கதவில் ஒரு கரும்பலகை மாட்டினேன். ஒவ்வொரு நாள் காலையிலும் உம்மா இன்றைக்கு எந்த அறையில் என்று மூத்த மகள் அதில் எழுத வேண்டும். அந்த அறைக்குப் பக்கத்தில் அன்றைக்கு வேலை கிடையாது. உள்ளே போகிறவன் வாசலில் நின்று, "வேலையாக்கள் வாறம்" என்று மூன்று தரம் குரல் கொடுக்க வேண்டும். எந்த அணி எந்த மணிக்கு எங்கே என்பது என் கொப்பியில் இருந்தது. ஒரு மாதம் கடிகாரம் மாதிரி ஓடியது. பள்ளிவாசலில் ஆட்கள் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இனி என் பிழைக்கு வருகிறேன். அது ஒரே நாளில் நடந்ததல்ல.

நடுச்சுவரை உடைப்பதற்கு ஒரு கிழமைக்கு முன் மூத்த மகள் சொன்னாள்: "மாமா, உம்மா என்னமோ நடுச்சுவரப் பத்திச் சொன்னா. கவனமாம்."

நான் சுவரைத் தட்டிப் பார்த்தவன். அறையைப் பிரிக்கப் பிறகு எழுப்பிய மெல்லிய சுவர். முகட்டுப் பாரம் அதில் இல்லை என்று முடிவெடுத்திருந்தேன். மேலே பலகை அடித்துச் சீலிங் போட்டிருந்ததால், முகட்டைத் தாங்கும் உத்தரமான தீராந்தியின் முனை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியவில்லை. பலகையைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். அது நடுவறைக்கு மேலே போகிற பலகை. அந்தக் கிழமை முழுக்க உம்மா நடுவறையில் இருந்தார். அவரை மாற்றினால் மற்ற வேலைகளின் ஒழுங்கு குழம்பும்.

"உம்மாவ ஒண்டுக்கும் யோசிக்க வேணாமெண்டு சொல்லுங்க மகள். நாங்க கவனமாத்தான் செய்றம்" என்றேன்.

அதோடு அவள் போய்விட்டாள். நானும் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

சுவர் உடைப்பதற்கு முந்தின நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, முகட்டில் நின்றபோது மூத்த மகளின் நம்பரில் இருந்து ஒரு வொயிஸ் மெசேஜ் வந்தது. அந்தப் பிள்ளை அனுப்பும் வொயிஸ் எல்லாம் நிலத்துக்குப் போடுகிற மாபிளின் நிறம் பற்றித்தான் இருக்கும். காதில் வைத்தேன். "தம்பி, நான்தான் கதைக்கன்" என்று வேறொரு குரல் வந்தது. வயதான, அமைதியான குரல். உம்மாதான் என்று விளங்கிவிட்டது. உடனே நிறுத்திவிட்டேன்.

இத்தாவில் இருக்கிற பெண்ணின் குரலை முகட்டில் நின்று கேட்பது சரியில்லை என்று தோன்றியது. மகளிடம் பிறகு விசாரிப்போம் என்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். இதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மரியாதை தெரிந்தவன் என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன். அந்த நேரம் அக்கரைப்பற்றில் மரம் அறுத்து விற்கிற மரக்காலையில் இருந்து ஆள் போனில் கூப்பிட்டான், சட்டம் அறுத்து முடிந்தது, காலையில் வந்து பார்த்து ஏற்ற வேண்டும் என்று. விசாரிக்க வேண்டியது மறந்து போனது.

மறுநாள் விடிந்ததும் அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டேன். பலகையில் "உம்மா: பின்னறை" என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். நடுச்சுவருக்கும் பின்னறைக்கும் தூரம் இருந்தது. அப்படித்தான் ஒழுங்கு செய்திருந்தோம். எட்டரை மணி போலக் குசினி அணியினர் எனக்குப் போன் எடுத்தார்கள். முன்பக்கத்துப் பூச்சு காயவில்லை, சும்மா நிற்கிறோம், குசினிப் பின்சுவரை ஒரு நாள் முந்தி இடிக்கட்டுமா என்று கேட்டார்கள். மரக்காலையில் வாள் மெசினின் சத்தம். "ஓம், இடிங்க" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். பின்சுவரை இடித்தால் தூசு முழுக்கப் பின்னறைக்குள் போகும் என்று அந்த நேரம் தலையில் வரவில்லை.

தூசு போனது. உம்மாவுக்கு இருமல் பிடித்தது. மூத்த மகள் அவரைக் கையில் பிடித்து நடுவறைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பாலர் பாடசாலையில் பிள்ளையைக் கூட்டிவர ஓடினாள். பலகையில் மாற்றி எழுத நினைக்கவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. இளையவள் அன்றைக்குக் கல்முனையில் தையல்காரியிடம் போயிருந்தாள்.

இன்னொன்றும் நடந்திருந்தது. குசினி வேலைக்கான மணலும் கல்லும் வளவை அடைத்துவிட்டதால், புதிய ஓடுகளை வைக்கக் கீழே இடமில்லை. முகட்டு வேலைக்காரர்கள் அவற்றை மேலே ஏற்றி, ஒரே இடத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். அதுவும் என்னைக் கேட்டுத்தான்.

தம்பிமாரே, இதை இரண்டு தரம் படியுங்கள். ஓட்டை மேலே அடுக்கியதில் தனியாகப் பிழை இல்லை. குசினிச் சுவரை ஒரு நாள் முந்தி இடித்ததிலும் இல்லை. உம்மாவைத் தூசில்லாத அறைக்கு மாற்றியதும் சரிதான். மூன்று வேலையையும் மூன்றாகவே நான் பார்த்தேன். வீடு ஒன்றுதான் என்பதை மறந்தேன்.

பத்து மணிக்கு நான் திரும்பி வந்தேன். படலையில் பலகையைப் பார்த்தேன். பின்னறை என்றிருந்தது. சுவர் அணியிடம், "தொடங்குங்க" என்றேன். அவர்கள் கொடுத்த மூன்று குரலும், பின்னால் குசினி இடிக்கிற சத்தத்தில் அமுங்கிப் போனது. இரண்டு பேர் மேல்வரிசைக் கல்லை இரும்பு அலவாங்கால் கிளப்பினார்கள். ஆறேழு கல் போயிருக்கும். மேலே ஒரு சத்தம் கேட்டது. முதிரை மரம் நெரிபடுகிற சத்தத்தை ஒருதரம் கேட்டவன் மறக்க மாட்டான். சீலிங் பலகை வெடித்தது. உள்மண்டபத்துக்கும் நடுவறைக்கும் மேலாகப் போகிற தீராந்தி, எங்கள் கண்முன்னே ஒரு சாண் கீழே இறங்கியது.

சுவரில் நின்ற இருவரும் முகட்டுக்காரர் இருவருமாக நான்கு பேர், சாரக்கம்பு இரண்டைத் தூக்கிக்கொண்டு உள்மண்டபத்துக்குள் ஓடித் தீராந்திக்கு முட்டுக் கொடுத்தார்கள். நிலம் வழவழப்பான பழைய சீமெந்து. கம்பின் அடி நிற்காமல் வழுக்கியது. ஆகவே கம்புக்கு இருவராகத் தோளைக் கொடுத்து, காலை ஊன்றி நின்றார்கள். முகத்தில் சுண்ணாம்புத் தூசு. ஒருவரும் மூச்சு விடவில்லை. நான் ஓட்டை இறக்கச் சொல்லி மேலே கத்தப் போனேன். அப்போதுதான் நடுவறைக் கதவை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

"தம்பி, உள்ளுக்கு நான் இரிக்கன்."

முந்தின நாள் போனில் வந்த அதே குரல். அந்த அறைக்கு வாசல் ஒன்றுதான். அது திறப்பது இந்த நான்கு பேரும் நிற்கிற உள்மண்டபத்துக்கு. சன்னலில் இரும்புக் கம்பி.

"ராத்தா, உடன வெளிய வாங்க! முகடு இறங்குது!"

"எத்தின ஆம்புளயள் நிக்காங்க?"

"நாலு பேரு. நானும் நிக்கன்."

"அவங்களக் கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க. நான் வாறன்."

"அவங்க உட்டுட்டுப் போனா முகடு உழுந்திரும் ராத்தா. அவங்கதான் தாங்கிட்டு நிக்காங்க."

கதவு திறக்கவில்லை. மேலே மரம் மறுபடி முனகியது. கம்பில் நின்ற ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "பாஸ், உள்ளுக்குப் போய் இழுத்துட்டு வாங்க. யோசிக்க நேரமில்ல" என்றான்.

அவன் சொன்னது நியாயம்தான். உயிர் போகிற நேரத்தில் வெளியே வரலாம் என்று எனக்குத் தெரியும். உள்ளே நின்றவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நான் கத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று மாதத்துக்கு மேலாக, கடைசியில் இடிபாட்டுக்கும் தூசுக்கும் நடுவிலும் அந்த மனுசி ஒரு சொல்லைக் காப்பாற்றி வந்திருக்கிறார். அந்த வாசலில் நின்று நான் விவாதம் பண்ணினால் அவர் ஒரு நிமிடம் யோசிப்பார். அந்த ஒரு நிமிடம் எங்களிடம் இல்லை. நான் உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்தால் அவர் பிழைப்பார். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் எப்படி நிமிர்ந்து இருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

நான்கு பேர் தலையிலும் துவாய்த் துண்டு கட்டியிருந்தது.

"கண்ணக் கட்டப் போறன். ஒருத்தரும் அசையக் கூடா" என்றேன்.

முகட்டுக்காரர்களில் ஒருவர் சவளக்கடை ஊர்த் தமிழர், என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் உடனே சொன்னார்: "எனக்கு முதல்ல கட்டுங்க தம்பி. அந்த அம்மா வரட்டும்."

ஒவ்வொருவருடைய துவாயையும் இழுத்து இறக்கிக் கண்ணுக்கு மேல் முடிச்சுப் போட்டேன். அவசரத்தில் கடைசி முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்தது. பிறகு நான் சுவரை நோக்கித் திரும்பி, நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டேன்.

"ராத்தா, எல்லாருக்கும் கண்ணக் கட்டியாச்சி. வாங்க."

"நீங்க?"

"நான் செவரப் பாத்துக்கிட்டு நிக்கன்."

தாழ்ப்பாள் இழுபட்டது. கதவு திறந்தது. செருப்புச் சத்தம் மெதுவாக வந்தது. தட்டி கட்டி மறைத்த கிணற்றடிக்குப் போகிற வாசலுக்கு எட்டுப் பத்து அடிதான். நான் எண்ணிக்கொண்டு நின்றேன். நாலு, ஐந்து. சத்தம் நின்றுவிட்டது.

"போங்க ராத்தா, நிக்காதீங்க!"

"இடது கைப் பக்கத்துக் கம்பு வழுக்குது" என்றது அந்தக் குரல், எனக்கு மிகப் பக்கத்தில். "கண்ணக் கட்டினா உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அந்தத் தம்பி காலக் கொஞ்சம் அகட்டுங்க. ஆ, அப்பிடியே நில்லுங்க."

நிலத்தில் கல் இழுபடுகிற சத்தம் கேட்டது. உடைத்த சுவரில் இருந்து விழுந்த கல்லொன்றை அவர் தள்ளிக்கொண்டு வந்து கம்பின் அடியில் இறுக்கினார். இன்னொரு கல்லை எடுத்து அதன்மேல் இரண்டு தரம் அடித்தார். கம்பு நிமிர்ந்தது. அதில் நின்ற இருவரும் ஒன்றாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"இப்ப சரி. நான் போறன்."

கிணற்றடிக் கதவு சாத்தப்பட்டது. நான் திரும்பினேன். கண்ணைக் கட்டிய நான்கு பேர் அசையாமல் நின்றார்கள். இடது கம்பின் அடியில் கல் அவ்வளவு நேராக, அவ்வளவு இறுக்கமாக இருந்தது. நான் வைத்திருந்தாலும் அதைவிடத் திறமாக வைத்திருக்க மாட்டேன். அந்த மண்டபத்தில் அந்த நேரம் கண் இருந்தது அவர் ஒருவருக்குத்தான். அவர் நின்று பார்க்காமல் போயிருந்தால் அந்தக் கம்பு இன்னும் கொஞ்ச நேரத்தில் வழுக்கியிருக்கும், நாங்கள் ஐந்து பேரும் முகட்டுக்குக் கீழே.

ஓட்டை ஒவ்வொன்றாகக் கைமாற்றி இறக்கி முடிக்க லுஹர் தொழுகை நேரமானது. சரியான முட்டுக் கொடுத்து, தீராந்தியை மெல்ல உயர்த்தினோம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, அல்ஹம்துலில்லாஹ். மூத்த மகள் வந்து, "நான்தான் பலகையில எழுத மறந்துட்டன் மாமா" என்று அழுதாள். "பலகை என்ட, புள்ள, வேலையும் என்ட" என்றேன். அன்றைக்கு நான் சொன்னவற்றில் சரியான சொல் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பின்னேரம் பள்ளி மௌலவியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஆபத்தில் வெளியே வருவதைப் பற்றி அவர் ஒன்றும் கதைக்கவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "தேவையான விசயத்த மறைவுல நிண்டு கதைக்கிறதுக்கு ஆரு தடை சொன்ன? ஊட்டுச் சொந்தக்காரி அவ. ஒரு மாசத்துக்கு மேலா அவக்கிட்ட ஒரு வார்த்த கேக்காமலா அவட ஊட்ட உடைச்சீங்க?"

தடை இல்லை என்று எனக்குத் தெரியாமல் இருந்ததா? தெரியும். வசதிக்காக மறந்திருந்தேன். அவரை மறைத்து வைப்பதற்கு எடுத்த சிரமத்தில் பத்தில் ஒரு பங்கு அவரிடம் கேட்பதற்கு எடுக்கவில்லை.

மறுநாள் எல்லா ஆட்களுக்கும் லீவு கொடுத்துவிட்டு நான் மட்டும் போனேன். பின்னறை வாசலில் மகள் ஒரு சீலையைக் கட்டினாள். வெளியே சீமெந்துப் பேக் ஒன்றின் மேல் கொப்பியோடு உட்கார்ந்தேன்.

"ராத்தா, இந்த ஊட்டப் பத்தி எனக்குச் சொல்லுங்க."

சீலைக்கு அந்தப் பக்கம் பாய் விரிபடும் சத்தம் கேட்டது. பிறகு, "எங்கெருந்து தொடங்கட்டும்?" என்றார்.

இரண்டு மணித்தியாலம் சொன்னார். சுனாமித் தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது, எந்தச் சுவரில் இன்னும் உப்புப் பூக்கிறது. நாங்கள் குளியலறைக்கு அத்திவாரம் வெட்டக் குறித்த இடத்துக்குக் கீழே மூடிய பழைய மலசலகூடக் குழி இருக்கிறது. தீராந்தியின் ஒரு முனையைக் கறையான் தின்றபோது, அவருடைய கணவர் அந்த முனையை அறுத்தெடுத்துவிட்டு, மிச்சத்தைத் தூக்கி நடுச்சுவரின் மேல் வைத்து, மேலே பலகையடித்து மூடியிருக்கிறார். பிறகு ஒரு மேசனை வைத்துச் சரியாகச் செய்வோம் என்று சொன்னவர் கடைசி வரை செய்யவில்லை. "நான்தான் ஏணியப் புடிச்சிக்கிட்டு நிண்டன்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்தோம். காலையில் முதலில் சீலைக்கு வெளியே ஐந்து நிமிடம் உட்காருவேன். பிறகுதான் அலவாங்கைத் தொடுவோம். வேலை பிந்தியது. இத்தா முடிந்த நாளில் குசினிக்கு இன்னும் கூரை இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து முகத்தைச் சுழித்தார்கள். கல்யாணம் நின்றுவிடுமோ என்று நான் வெளியே நின்று வியர்த்தேன். அந்த உம்மாவே அவர்களிடம் சொன்னாராம்: "ஊடு முடியல்ல. மூணு கிழம பொறுங்க. அவசரப்பட்டு எழுப்பின ஊட்டுல என்ட புள்ளய நான் இரிக்க வெக்க மாட்டன்." பொறுத்தார்கள். நிக்காஹ் நடந்தது. இரண்டு குடும்பமும் இன்றைக்கும் அந்தக் கனமான நடுச்சுவரின் இரண்டு பக்கமும் இருக்கின்றன.

இந்தத் தொழிலில் உங்களுக்கு உஸ்தாத் யார் என்று என்னைக் கேட்பார்கள். எனக்குக் கரண்டி பிடிக்கக் காட்டித் தந்தவர்கள் பலர் உண்டு. ஆனால் வீடு பார்க்கக் கற்றுத் தந்தவரின் முகத்தை நான் பார்த்ததில்லை. பெயரும் எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை.

அந்த வொயிஸ் மெசேஜைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. சீலைக்கு வெளியே உட்கார்ந்திருந்த அந்த முதல் நாளில், எழும்பப் போகும்போது கேட்டேன்.

"ராத்தா, அண்டைக்கு நீங்க அனுப்பின வொயிஸ நான் முழுசாக் கேக்கல்ல. இப்ப கேக்கலாமா?"

"கேக்கத்தானே தம்பி அனுப்பின" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

படலைக்கு வெளியே போய், வேனுக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். இதோ அது, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்:

"தம்பி, நான்தான் கதைக்கன். மகள்கிட்டச் சொல்லி அனுப்பினன், நீங்க காதுல போடல்ல போல. நாளைக்கு நடுச்செவர உடைக்கப் போறதாச் சொன்னா. தீராந்திர முனை அதுலதான் இரிக்கி, முட்டுக் குடுக்காம கை வெக்காதீங்க. எனக்கு ஒண்டுமில்ல, நான் எந்த மூலையிலயாவது ஒதுங்கிருவன். கீழ நிண்டு உடைக்கிற தம்பிமாருக்கும் ஊட்டுல உம்மாமார் பாத்துக்கிட்டு இரிப்பாங்க, அதுக்குத்தான் சொல்றன்."

அதற்குப் பிறகு நான் மூன்று போன் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு தரமும் கடைக்காரனிடம், மற்றதெல்லாம் போனாலும் இது போகக் கூடாது என்று சொல்லி எடுத்து வைத்திருக்கிறேன். அதன் நீளம் முப்பத்தொரு வினாடி. எனக்கு நேரமில்லாமல் போனது அவ்வளவுக்குத்தான்.